பேச்சு குழறி, கை மரத்து, கால் மணி நேரத்தில் தானே சரியாகிவிட்டது: வயதானவர்களுக்கு இப்படி வந்து போவது எதனால்?

மருதாணி:

அம்மாவுக்கு 74 வயது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், சுகர் இல்லை. நேற்று மாலை என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் வார்த்தை பிடிபடாமல் போய்விட்டது. "ஜன்னலைச் சாத்து" என்று சொல்ல வந்தவர் "அந்த... அதை... மாத்து" என்று தேட ஆரம்பித்தார். வலது கையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், விரல்கள் மடங்கவில்லை. நினைவு தவறவில்லை, நான் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சுமார் கால் மணி நேரம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துபோய்த் துணி மடித்தார்.

உடனே ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பிரஷர் 164/92. தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். "அசதிதான், வயசாகிறது இல்லையா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் "எனக்கு ஒன்றும் இல்லை, விடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த வாரம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை காத்திருக்கலாமா? இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

இரவுப்பணி:

காத்திருக்காதீர்கள். இன்றே, பக்கவாதத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நான் ஸ்ட்ரோக் வார்டில் செவிலியாக இருக்கிறேன். "போன வாரம் இப்படித்தான் வந்து தானாகச் சரியாச்சு, அதனால் விட்டுட்டோம்" என்று சொல்லி, கை கால் விழுந்த நிலையில் பெற்றோரைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பேச்சும் வலது கையும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பினால் முதலில் நினைக்க வேண்டியது டி.ஐ.ஏ., அதாவது மினி ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயைச் சின்ன ரத்தக்கட்டி ஒன்று அடைத்து, பிறகு தானே கரைந்துவிடுகிறது. அடைப்பு போய்விட்டது, ஆனால் அந்தக் கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், டி.ஐ.ஏ. வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டு நாட்களிலேயே வந்தது. நேற்று மாலை என்றால் நீங்கள் இன்னும் அந்த இரண்டு நாட்களுக்குள்தான் இருக்கிறீர்கள்.

போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முழுதாகச் சரியானது என்று எழுதி வையுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

தென்றல்72:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்று தோன்றுகிறது. சி.டி. நார்மல் என்று வந்துவிட்டதே. எங்கள் பெரியம்மாவுக்கு 80 வயது. அவருக்கும் அவ்வப்போது கை மரத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வருடக்கணக்கில் இப்படித்தான், இன்றுவரை பக்கவாதம் எதுவும் வரவில்லை. ஒரு மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார், போட்டுக்கொள்கிறார். வயதானவர்களை இரவோடு இரவாக மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போவதும் ஒரு சிரமம்தான்.

நாடித்துடிப்பு:

நான் நரம்பியல் மருத்துவர். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி வந்தால் எங்கள் மனதில் என்னென்ன ஓடும் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த சி.டி. விஷயம். இந்த நிலைமையில் சி.டி. எடுப்பது பெரும்பாலும் மூளையில் ரத்தக்கசிவு இல்லை, மூளைக்கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். டி.ஐ.ஏ. வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு சி.டி. நார்மலாகத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் உண்டு. டி.ஐ.ஏ. என்று வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதில் புள்ளியாக ஒரு சேதம் தெரியும். அறிகுறி கால் மணி நேரத்தில் போயிருந்தாலும் படத்தில் அது இருக்கும். அதனால் "சி.டி. நார்மல், ஆகவே ஒன்றுமில்லை" என்ற கணக்கு சரியல்ல.

அடுத்து, இவை எல்லாமே டி.ஐ.ஏ. அல்ல. டி.ஐ.ஏ. என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வேறு ஏதாவதுதான் இருக்கும். பிரித்துப் பார்க்க நான் மூன்று விஷயம் கேட்பேன். எந்த ஸ்கேனையும்விட எனக்கு அதிகம் உதவுவது இந்தப் பதில்கள்தான்.

ஒன்று, எப்படி ஆரம்பித்தது? டி.ஐ.ஏ. ஒரே நொடியில் வரும். வந்த கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி, என்றால் ஊர்ந்து வரும். பார்வையின் நடுவில் ஒரு சின்ன மினுமினுப்பாகத் தொடங்கி, வளைந்து நெளிந்த கோடாக ஓரத்துக்கு நகர்ந்து, பிறகு விரலில் கூச்சம், முழங்கை, உதடு என்று அரைமணி நேரம் நடந்து போகும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதுதான் காரணம். வலிப்பு மைக்ரேனைவிட வேகமாகப் பரவும். கட்டைவிரலில் தொடங்கிய துடிப்பு சில நொடிகளில் முகத்துக்கு வந்துவிடும்.

இரண்டு, இருந்தது போனதா, இல்லாதது வந்ததா? பலம் போவது, பேச்சு போவது, பார்வை போவது, இதெல்லாம் இழப்பு. ரத்த ஓட்டம் தடைப்பட்டால் இழப்புதான் வரும். மின்னல் கோடுகள், ஊசி குத்துவது, கை தானாகத் துடிப்பது, இல்லாத வாசனை வருவது, இதெல்லாம் மேல்வரவு. மேல்வரவு என்றால் மைக்ரேன் அல்லது வலிப்பு பக்கம் மனசு போகும்.

மூன்று, எவ்வளவு நேரம், இதற்கு முன் இதேபோல் வந்திருக்கிறதா? வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடம். டி.ஐ.ஏ. சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருப்பதே அதிகம். அச்சு வார்த்ததுபோல் அதே இடத்தில், அதே வரிசையில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது டி.ஐ.ஏ.வின் குணம் அல்ல.

மருதாணி சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். சட்டென்று வந்தது, இழப்பு மட்டுமே, கால் மணி நேரம், முதல் முறை. பேச்சும் வலது கையும் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தில் ஒரே ரத்தக் குழாயின் கீழ் வருபவை. சிஸ்டர் சொன்னதுபோல் இன்றே போங்கள். 2007இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவந்த எக்ஸ்பிரஸ் ஆய்வு இதைத்தான் காட்டியது. டி.ஐ.ஏ. அல்லது லேசான பக்கவாதம் வந்தவர்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் தாமதமானபோது 90 நாட்களில் மறுபடி பக்கவாதம் வந்தது 10.3 சதவீதம் பேருக்கு. உடனே தொடங்கியபோது 2.1 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, ஏற்கெனவே இருந்த மாத்திரைகளைச் சீக்கிரம் தொடங்கினார்கள். என் துறையில் இதைவிட மலிவாகக் கிடைத்த பலன் அதிகம் இல்லை.

தென்றல்72, உங்கள் பெரியம்மாவுக்கு மரத்துப்போவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

கொன்றை:

டாக்டர் சொன்ன இரண்டாவது கேள்வி எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவுக்கு 69 வயதில் தொடங்கியது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்காது. வாயை எதையோ சப்புவதுபோல் அசைப்பார். வலது கை சட்டையின் மேல் பட்டனைத் தேடித் தேடித் தடவிக்கொண்டே இருக்கும், திறக்கவும் செய்யாது, பூட்டவும் செய்யாது. ஒரு நிமிடம்தான். அப்புறம் அரை மணி நேரம் களைப்பாக, கேட்டதற்குப் பொருந்தாத பதிலாகச் சொல்வார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது.

மினி ஸ்ட்ரோக் என்று சொல்லி ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். வருவது நிற்கவில்லை. பிறகு தங்கை அதைக் கைபேசியில் வீடியோ எடுத்தாள். புதிதாகப் பார்த்த மருத்துவர் அந்த வீடியோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததுமே வலிப்பு என்றார். நாங்கள் நம்பவில்லை, ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த ஃபிட்ஸ் என்றால் கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுப்பது. வலிப்பு மாத்திரை குறைந்த அளவில் தொடங்கினார்கள், நின்றுவிட்டது.

நாடித்துடிப்பு:

கொன்றையின் தங்கை செய்தது மிகப் பெரிய உதவி. எல்லோரும் இதைச் செய்யலாம். ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் படம் எடுக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பெயரைக் கேளுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், பதில் வருகிறதா இல்லையா என்பதும் பதிவாகட்டும். ஆனால் கை பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ முதலில் ஆம்புலன்ஸ், அப்புறம்தான் வீடியோ.

வலிப்பு என்றால் குழந்தைகளின் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக வலிப்பு தொடங்குவது வாழ்வின் இரண்டு முனைகளில்தான் அதிகம், முதல் ஆண்டிலும் 65க்கு மேலும். முதியவர்களுக்கு முன்பு வந்த பக்கவாதத்தின் தழும்பு, மறதி நோய், மூளைக்கட்டி, பழைய தலைக்காயம் எனப் பல காரணங்கள் இருக்கலாம். சில சமயம் காரணமே கிடைக்காது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. நார்மலாக வந்தாலும் வலிப்பு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எடுக்கும் அந்த அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. வலிப்பு முடிந்த பிறகு ஒரு பக்கம் பலமிழந்து சில மணி நேரம், அரிதாக ஒரு நாளுக்கு மேல்கூட, இருக்கலாம். இதற்கு டாட் வாதம் என்று பெயர். தொடக்கத்தில் வந்த துடிப்பை யாரும் பார்க்காவிட்டால் பக்கவாதம் என்றே தோன்றும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கழுத்துத் தமனி கிட்டத்தட்ட முழுதாக அடைத்திருப்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது ஒரு கையோ காலோ உதறும். பார்த்தால் வலிப்பு, உண்மையில் ரத்த ஓட்டம் போதாமை. உட்கார்ந்தால் நிற்கும், எழுந்தால் வரும் என்பதுதான் துப்பு.

மருதாணி:

நேற்று இரவே அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டோம், எல்லோருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது. கழுத்து ரத்தக் குழாய் ஸ்கேனில் பெரிய அடைப்பு இல்லை. முதலில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தது, ஆனால் வார்டில் தொடர்ந்து மானிட்டர் போட்டிருந்ததில் விடியற்காலை இதயத்துடிப்பு கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடியது தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். அம்மாவுக்குப் படபடப்பு எதுவும் தெரியவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் இருக்க வேறு வகை மாத்திரை என்கிறார்கள். ஏன் அப்படி?

நாடித்துடிப்பு:

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும். உள்ளே ரத்தம் தேங்கி, குறிப்பாக இடது மேலறையின் ஒரு மூலைப் பையில், உறைந்து கட்டியாகும். அது கிளம்பினால் மூளைக்குப் போகலாம். இதனால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்காகிறது. இப்படித் தேக்கத்தில் உண்டாகும் கட்டிக்கு எதிராக ஆஸ்பிரினின் பலம் குறைவு. ஆகவே வார்ஃபரின், அபிக்சபான், டபிகட்ரான் போன்றவற்றில் ஒன்றைக் கொடுப்போம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, எடை எவ்வளவு என்றெல்லாம் பார்த்துத்தான் அளவு. ஒரு வேளைகூட விடக்கூடாது.

இந்தத் துடிப்பு வந்து வந்து போகும் என்பதால் பத்து நொடி இ.சி.ஜி.யில் சிக்காமல் போவது சகஜம். அதனால்தான் ஹோல்டர் என்று ஒரு நாளோ அதற்கு மேலோ பதிவு செய்கிறோம். சிலருக்கு மார்புத் தோலுக்கு அடியில் சின்னப் பதிவுக் கருவி வைத்து மாதக்கணக்கில்கூடத் தேடுகிறோம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லாமல் டி.ஐ.ஏ. மட்டும் என்றால் வழி வேறு. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சேர்த்து முதல் 3 வாரம், பிறகு ஏதாவது ஒன்று மட்டும். இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்துத் தொடர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு தாங்களே தொடர்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழுத்துத் தமனியில் பாதிக்கு மேல், அதுவும் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்து அதைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுவோம்.

பனித்துளி:

என் மாமியாருக்கு 66 வயது. காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவர் "இன்று என்ன கிழமை? நான் எப்போது குளித்தேன்?" என்றார். சொன்னோம். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே குரல், அதே முகபாவம். சொன்னோம். மறுபடியும். மதியம்வரை இதேதான். எங்கள் எல்லோர் பெயரும் தெரிந்தது, நடந்தார், தலை வாரிக்கொண்டார், கணக்குக்கூடச் சரியாகச் சொன்னார். மாலைக்குள் தெளிந்துவிட்டது, ஆனால் அந்தக் காலைப் பொழுது மட்டும் அவர் நினைவில் இல்லவே இல்லை. எல்லாப் பரிசோதனையும் நார்மல். மறதி நோயின் ஆரம்பமா என்று நாங்கள் பயந்துபோய் இருக்கிறோம். இதுவும் மினி ஸ்ட்ரோக்தானா?

நாடித்துடிப்பு:

நீங்கள் சொல்வது அப்படியே தற்காலிக முழு மறதி. இந்தப் பெயரை 1964இல் ஃபிஷர், ஆடம்ஸ் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் வைத்தார்கள். 50இலிருந்து 80 வயதுக்குள் அதிகம் வரும். குளிர்ந்த நீரில் இறங்குவது, கடும் உழைப்பு, முக்குவது, உடலுறவு, அதிர்ச்சியான செய்தி, இதில் ஏதாவது ஒன்று அதற்குச் சற்று முன் நடந்திருக்கும். பல மணி நேரம் நீடித்து 24 மணி நேரத்துக்குள் தெளியும். புது நினைவு எதையும் பதிய வைக்க முடியாது, அதனால்தான் அந்தத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஆனால் தான் யார் என்பது மறக்காது. பெயர், ஊர் எல்லாம் மறந்துபோனால் அது வேறு கதை.

மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஊசிமுனை அளவு புள்ளி ஒன்று, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம். முதல் நாளே எடுத்தால் பெரும்பாலும் தெரியாது. இது பக்கவாதத்தின் முன்னோடி இல்லை, மறதி நோயின் ஆரம்பமும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒரே முறைதான் வரும். மாமியாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் உங்களைவிட அதிகமாகப் பயந்திருப்பார், வெளியே சொல்லாமல் இருக்கலாம்.

தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இப்படி வந்து, சில வாரங்களில் மறுபடி வந்தால் மட்டும் சொல்லுங்கள். மறதியாக மட்டுமே வெளிப்படும் ஒரு வகை வலிப்பு உண்டு.

இரவுப்பணி:

எல்லோரும் மூளையைப் பற்றியே பேசுகிறோம். வார்டில் நாங்கள் முதலில் செய்வது விரல் நுனியில் குத்தி சுகர் பார்ப்பது. சுகர் இறங்கினால் வியர்வை, நடுக்கம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கக் கை காலே விழுந்துபோகும், பேச்சு குழறும், குளுக்கோஸ் ஏறியதும் சரியாகும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கும் முதியவர்களும்தான் இதில் மாட்டுவார்கள், அதுவும் சாப்பாட்டைத் தவறவிட்ட நாளில், அல்லது சிறுநீரகம் பலவீனமாகி மாத்திரை உடம்பிலேயே தங்கும்போது. இதயத்துக்கோ பிரஷருக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு படபடப்பு, நடுக்கம் போன்ற முன்னெச்சரிக்கை சரியாகத் தெரியாது. சுகர் 70க்குக் கீழே என்றால் குறைவு. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்து சாய்வது. இதை மினி ஸ்ட்ரோக் என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் நிறைய. படுக்கவைத்து ஒரு பிரஷர், நிற்கவைத்து 3 நிமிடத்துக்குள் ஒரு பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் அதில் இருக்கலாம். பிராஸ்டேட்டுக்கான மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, ஒன்றுக்கு மேற்பட்ட பிரஷர் மாத்திரை, இவையெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது விழுந்தார் என்றால் நான் மாத்திரைப் பட்டியலைத்தான் முதலில் கேட்பேன்.

எந்த எச்சரிக்கையும் இல்லாமல், உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ, அல்லது படி ஏறும்போதோ மயங்கினால் இதயத்தைப் பாருங்கள். துடிப்பு சில நொடி நின்றுபோவதாலோ வால்வு சுருங்கியிருப்பதாலோ வரும். மயங்கியவர் கை கால் நாலைந்து முறை வெட்டுவது சகஜம், அதைப் பார்த்து ஃபிட்ஸ் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தால் தீரக்கூடிய பிரச்சினைக்கு வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

தென்றல்72:

டாக்டர் கேட்டதால் பெரியம்மாவிடம் உட்கார்ந்து விசாரித்தேன். இடது கை சுண்டுவிரலில் மரத்துப்போவதுபோல், எறும்பு ஊர்வதுபோல் தொடங்குமாம். மெல்ல மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, கன்னத்துக்கும் உதட்டோரத்துக்கும் வருமாம். பத்து நிமிடம் ஆகும் என்கிறார். ஒவ்வொரு முறையும் இதே வழிதான். தலைவலி கிடையாது. முன்பு எப்போதாவது, இப்போது மாதத்தில் பலமுறை. இளவயதில் ஒற்றைத் தலைவலி இருந்ததில்லை. ஆஸ்பிரின் தொடர்கிறது. இது ஆபத்தானதா?

நாடித்துடிப்பு:

கேட்டு எழுதியதற்கு நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஊர்ந்து பரவுகிறது, மேல்வரவு, ஒவ்வொரு முறையும் ஒரே வழி. டி.ஐ.ஏ. இப்படி வருவது மிக அரிது. தலைவலி இல்லாத மைக்ரேன் 50க்குப் பிறகு புதிதாக வரலாம், 1980இலேயே ஃபிஷர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படி இருந்தால் பயமில்லை. மெதுவாகப் பரவும் வலிப்பாகவும் இருக்கலாம்.

ஆனால் 80 வயதில் இந்தக் கதையைக் கேட்டால் நான் விடாமல் தேடுவது இன்னொன்றை. மூளையின் மேற்பரப்பில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து, அவை நொய்ந்துபோகும் நோய் உண்டு. மூளையின் மடிப்புகளுக்குள் துளித்துளியாக ரத்தம் கசியும். கசிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூளைப் பகுதி எரிச்சலடைந்து, நீங்கள் விவரித்ததுபோலவே பரவும் மரமரப்பு வரும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் பழைய கசிவு தெரியாமல் போகலாம். ரத்தத்தின் இரும்புச் சத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது கிரேடியன்ட் எக்கோ என்ற வகைப் படம் வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் பெரிய மூளை ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு அதிகம். டி.ஐ.ஏ. என்று எண்ணிக் கொடுக்கும் ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் அந்த ஆபத்தைக் கூட்டலாம். மருதாணியின் அம்மாவைக் காப்பாற்றும் அதே வகை மாத்திரை உங்கள் பெரியம்மாவுக்குத் தீங்காகலாம். மேலோட்டமாகக் கேட்டால் இரண்டுமே "கை மரத்துப்போய்ச் சரியாச்சு"தான்.

நீங்களாக ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காக அது தேவைப்படலாம், வைப்பதா எடுப்பதா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் படத்தை இந்த வாரமே எடுங்கள். இடையில் பேச்சு போனாலோ, கை கால் பலமிழந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ உடனே அவசரப் பிரிவு.

இன்னொரு கேள்வி, கடந்த சில மாதத்தில் தலையை எங்காவது இடித்துக்கொண்டாரா? லேசாக இடித்ததுகூட முதியவர்களுக்கு மண்டையோட்டுக்கு அடியில் மெல்லமெல்ல ரத்தம் சேர வைக்கும். அதுவும் இப்படி வந்து வந்து போகும்.

தென்றல்72:

இடித்ததாக நினைவில்லை என்கிறார். கேட்டால் தெரியாது என்பார், அண்ணியிடமும் விசாரிக்கிறேன். ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டேன், எஸ்.டபிள்யூ.ஐ. வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அலைவரிசை:

கண் மட்டும் என்றால்? அப்பாவுக்கு 71 வயது. ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டாகி, சில நிமிடத்தில் விலகிவிட்டதாம். கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்கிறார்.

நாடித்துடிப்பு:

அதுவும் டி.ஐ.ஏ. கணக்கில்தான் வரும், கண்ணுக்குப் போகும் தமனியில் நடந்தது. அதே அவசரத்தோடு கழுத்துத் தமனியையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். கூடவே இதையும் கேளுங்கள்: நெற்றிப்பொட்டில் புதிதாக வலி இருக்கிறதா, தலை வாரும்போது தோல் நோகிறதா, மென்று சாப்பிடும்போது தாடை வலிக்கிறதா? ஆமாம் என்றால் தமனி அழற்சி நோய் ஒன்று இருக்கலாம். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு வரும்முன்பே ஸ்டீராய்டு தொடங்குவோம், தாமதித்தால் அடுத்த கண்ணும் போகலாம்.

கொன்றை:

தலைசுற்றல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

நாடித்துடிப்பு:

படுக்கையில் புரண்டால், மேலே அண்ணாந்து பார்த்தால் உலகமே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றால், அது பெரும்பாலும் உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் சரிசெய்யும் முறை இருக்கிறது, பலருக்கு ஒரே அமர்வில் போய்விடும். சுற்றலோடு இரட்டையாகத் தெரிவது, நாக்கு குழறுவது, பிடித்துக்கொள்ளாமல் நிற்கவே முடியாமல் போவது, புதிதாகக் கடும் தலைவலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பின்மூளை ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

மருதாணி:

அம்மா நாளை வீட்டுக்கு வருகிறார். ஒரே ஒரு கேள்வி. மறுபடி இப்படி வந்து, வீட்டில் பிரஷர் பார்த்து அதிகமாக இருந்தால், உடனே ஒரு பிரஷர் மாத்திரை கூடுதலாகக் கொடுக்கலாமா? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

இரவுப்பணி:

கொடுக்கவே கூடாது. மூளையில் ஒரு குழாய் அடைபட்டால் அந்த இடத்துக்கு எப்படியாவது ரத்தத்தைத் தள்ள உடம்பே பிரஷரை ஏற்றும். வீட்டில் நீங்கள் அதைத் தடாலென்று இறக்கினால் பாதி உயிரோடு இருக்கும் பகுதியும் போய்விடும். நாக்கடியில் நிஃபெடிபின் கேப்சூலைப் பிழிந்து விடும் பழைய பழக்கம் இதனால்தான் கைவிடப்பட்டது. ஆஸ்பிரினும் வேண்டாம், அம்மா இப்போது வேறு மாத்திரையில் இருக்கிறார். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தி இருக்கிறதா என்று நாங்கள் பார்த்த பிறகுதான் எதுவும்.

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சரியாகிவிட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். சரியாகவில்லை என்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை வைத்துத்தான் அந்த ஊசியைப் போடலாமா என்று தீர்மானிப்பார்கள். அதனால் மாத்திரை கொடுத்த நேரத்தைத் தினமும் ஒரு தாளில் குறித்து, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.